மூக்குப்பேணிச் செடிக்கு எரு வேண்டாம்

எங்கள் வீட்டில் மச்சம் தின்றது ஒரே ஒரு செடிதான்.

மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் பக்கத்தில் மச்சம் என்று சொல்வோம். ஐயா, என் தகப்பனார், அதைத் தொடமாட்டார். அவர் தொடாததால் அம்மா சமைப்பதில்லை. அம்மா சமைக்காததால் நாங்களும் தொட்டதில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர்கூட எங்கள் வேலிப் படலையை நெருங்கும்போது மணி அடிப்பதை நிறுத்திவிடுவார். அடுத்த படலைக்குப் போய்த்தான் மறுபடி அடிப்பார். அவ்வளவு பெயரெடுத்த சைவ வீடு. வேலி சூழ்ந்த அந்த வளவுக்குள், கிணற்றடி வாழைகளின் நிழலில், எறும்பையும் ஈயையும் பிடித்துத் தின்கிற ஒரு செடி நின்றது என்று சொன்னால், பிள்ளைகளே, நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த நாளில் ஊரும் சிரித்தது.

ஐயா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவர். உடையார்கட்டுக் குளத்தின் கீழ் காணி கிடைத்தபோது அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு காடு வெட்ட வந்தார். எங்களோடு சின்னம்மாவும் வந்தார். சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை. தாய் தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தவர். அவரை வளர்த்ததும் ஐயாதான், பிறகு நல்ல இடம் பார்த்துக் கலியாணம் செய்து கொடுத்ததும் ஐயாதான். கலியாணமாகி மூன்று வருடமாகியும் சின்னம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்குத் தலை வாரி விடவும், அம்மா அடிக்க வரும்போது ஒளிந்துகொள்ளவும் அது வசதியாக இருந்ததால், ஏன் இங்கேயே இருக்கிறார் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

சின்னம்மாவின் புருசனான சித்தப்பாவுக்கு நில அளவைப் பகுதியில் சங்கிலி பிடிக்கிற வேலை. களுத்துறைக்கு உள்ளே, நாளும் மழை பெய்கிற காட்டுப் பக்கம். தைப்பொங்கலுக்குப் பத்து நாள் லீவில் வருவார். பத்தாம் நாள் தனியே திரும்பிப் போவார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடம் அவர் வந்தபோது, கையில் பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று இருந்தது. ஈரச் சாக்கால் மூடியிருந்தது. ரயிலில் மாங்குளம் வரைக்கும், பிறகு பஸ்ஸில் எங்கள் ஊர் வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். வேட்டியில் செம்மண் வட்டமாகப் படிந்திருந்தது.

அந்தக் காலத்தில் புருசன் பெண்சாதி பெரியவர்களுக்கு முன்னால் நேருக்கு நேர் பேசிக்கொள்ளமாட்டார்கள். சித்தப்பா தகரத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மூக்குப்பேணி மாதிரி இருந்துது. அதுதான் கொண்டந்தனான்."

சமையல் நடக்கிற குசினி வாசலில் நின்ற சின்னம்மாவின் முகம் சிவந்தது. எங்கள் வீட்டில் சின்னம்மாவிடம் மட்டும் ஒரு பித்தளை மூக்குப்பேணி இருந்தது. ஒரு பக்கம் குருவி அலகுபோல மூக்கு வைத்த குவளை. வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம். அது அவருடைய தாயின் சாமான். வேறு யாரையும் அதில் குடிக்க விடமாட்டார். இது சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

சாக்கை விலக்கியதும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நீண்ட இலைகள், அவ்வளவுதான். பிறகுதான் கண்டேன். ஒவ்வோர் இலையின் நடு நரம்பும் நுனியோடு முடியாமல் ஒரு நூலைப்போல நீண்டு கீழே இறங்கியது. இறங்கிய நூல் ஓரிடத்தில் வளைந்து மேலே நிமிர்ந்தது. நிமிர்ந்த இடத்தில் ஒரு பேணியாகிவிட்டது! என் நடுவிரல் அளவு நீளம். பச்சையில் சிவப்புத் தெளித்த உடம்பு. வாயைச் சுற்றி எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிற விளிம்பு. அதற்கு மேலே, அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு மூடி.

குனிந்து உள்ளே பார்த்தேன். தண்ணீர் இருந்தது.

"ஆர் ஊத்தினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஊத்திறேல்லை. மூடி திறக்க முந்தியே உள்ளுக்குத் தண்ணி இருக்கும். அதுவே ஊறவைக்குது," என்றார் சித்தப்பா.

நான் நம்பவில்லை. நம்பாமல் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு கட்டெறும்பு நூல் வழியே ஏறி வந்தது. விளிம்பில் நின்று எதையோ நக்கியது. இன்னும் கொஞ்சம் உள்ளே எட்டியது. கால் வழுக்கிற்று. உள்ளே விழுந்து இரண்டு முறை சுவரில் ஏறப் பார்த்தது, பிறகு அசையவில்லை. செடியும் அசையவில்லை. காற்றும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நான் கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அம்மா என் தோளைத் தட்டியபோதுதான் அது எனக்கே தெரிந்தது. இந்த வளவில் மாடு, ஆடு, கோழி, பாம்பு, குரங்கு எல்லாம் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தவன் நான். நிற்கிற இடத்தில் நின்றுகொண்டே வேட்டையாடுகிற ஒன்றைக் கண்டதில்லை.

ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "சிவ சிவா," என்றார்.

மாப்பிள்ளை கொண்டுவந்ததை வெளியே எறிய முடியாது. ஆகவே ஐயா சட்டங்கள் போட்டார். செடி வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, கிணற்றடியோடு சரி. அதைத் தொட்டவர்கள் குளிக்காமல் சுவாமி விளக்கைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வளவுக்குள் எந்த உயிரும் மச்சம் தின்னக் கூடாது. எங்கள் நாய் அடுத்த வளவில் தின்றுவிட்டு வாயை நக்கிக்கொண்டு வரும். அது எல்லைக்கு வெளியே நடக்கிற காரியம். செடியால் வெளியே போக முடியாதே! அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஐயா குளித்து, திருநீறு பூசி, இலவம்பஞ்சை உருட்டி ஒவ்வொரு பேணியின் வாயிலும் அடைத்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார்.

ஐயாவின் தலை குளக்கட்டுக்கு அப்பால் மறைந்ததும் சின்னம்மா வந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுப்பார். ஐயா திரும்பி வருவதற்கு முன் அதே பஞ்சைத் திரும்ப வைப்பார். "அதுக்கும் பசிக்குமெல்லே," என்பார் என்னைப் பார்த்து. இந்தக் களவில் எனக்கும் பங்கு இருந்ததால் நான் யாருக்கும் சொல்லவில்லை.

பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்பார்: "என்ன சைவப்பழம், உங்கட கிணத்தடியில இண்டைக்கு என்ன கறி? எங்களுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்கோவன்!"

ஐயாவுக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆனால் சின்னம்மா அந்தச் செடியைப் பார்த்த பார்வை அப்படி இருந்ததால் அவர் பொறுத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் சின்னம்மா முதலில் கிணற்றடிக்குத்தான் போவார். எத்தனை பேணி, எது திறந்தது, எது காய்ந்தது எல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

ஆவணி பிறந்தபோது தகரத்தின் அடி துருப்பிடித்து உதிரத் தொடங்கியது. ஓட்டைகளால் தலைமயிர்போன்ற கறுப்பு வேர்கள் வெளியே எட்டிப் பார்த்தன. சட்டி மாற்ற வேண்டும். ஆனால் தொட்டால் என்னவாகுமோ! சின்னம்மா கேட்டுக்கொண்டபடி ஐயா சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு கிழமையில் பதில் வந்தது.

எங்கள் வீட்டில் கடிதம் வாசிப்பது ஒரு சடங்கு. சித்தப்பா எழுதுகிற கடிதங்கள் ஐயாவின் பெயருக்குத்தான் வரும். கட்டின பெண்சாதிக்கு நேரே எழுதுவது மரியாதைக் குறைவு என்று அப்போது நினைத்தார்கள். எழுதினாலும் சின்னம்மாவால் வாசிக்க முடியாது. தாய் நோயில் விழுந்தபோது முதலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பின்னேரம் விளக்கு வைத்த பிறகு ஐயா கதிரையில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரிப்பார். சின்னம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பார். கதவைப் பிடித்த அவருடைய விரல்கள் மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அன்றும் ஐயா வாசித்தார். வேரைப் பிடித்து இழுக்க வேண்டாம். இருக்கிற மண்ணோடு அப்படியே தூக்கவும். சட்டி பெரிதாக இருக்கட்டும், அடியில் துளைகள் இருக்க வேண்டும். நிழலில் வைக்கவும். இவ்வளவும் வாசித்துவிட்டு ஐயா ஒருமுறை செருமினார். தாளைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் கண்ணை ஓடவிட்டார். "மற்றும்படி எல்லாரும் சுகமாம்," என்று சொல்லிவிட்டு, கூரை வளையில் தொங்குகிற கடிதக் கம்பியில் அதைக் குத்திவிட்டார்.

மறுநாள் காலை ஐயா செடிக்குச் சட்டி மாற்றத் தயாரானார். முள்ளியவளையிலிருந்து புதுச் சட்டி வந்தது. குளத்தின் அடி வண்டல் வந்தது. கடைசியாக, தன்னுடைய எருக் கிடங்கின் ஒரு மூலையிலிருந்து, வேறு எந்தப் பயிருக்கும் கொடுக்காமல் மூடி வைத்திருந்த பழைய ஆட்டெருவை ஐயாவே கடகத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். புகையிலைக்காரருக்கு எரு என்றால் உங்களுக்கு விளங்காது. ஐயா எருவைக் கையில் எடுத்து நசித்து, முகர்ந்து, அது எத்தனை மாத எரு என்று சொல்வார். எருப் போடாமல் ஒரு பயிரை நட்டால் அது அவருக்கு, வந்த விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டுச் சோறு போடாத மாதிரி.

சின்னம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அத்தான், இதுக்கு எருப் போடலாமோ? அவர் அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

"எரு வேண்டாமெண்டு சொன்ன பயிர் உலகத்தில இருக்கோ?" என்று ஐயா திருப்பிக் கேட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து விளக்கமாகச் சொன்னார். "இது பிறவியில மச்சம் தின்னியில்லை. பாவம், வயித்துக்குக் காணாமல்தான் எறும்பு பிடிக்குது. பசியிலதானே மனிசனும் களவெடுக்கிறான்? வயிறு நிறையப் போட்டுப் பார். தானே சைவமாகும்."

அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. நானும் இரண்டு கை எரு அள்ளிப் போட்டேன்.

இரண்டு கிழமையில் ஐயா சொன்னது பலித்தது! இலைகள் கரும்பச்சையாகின. பழைய பேணிகள் ஒவ்வொன்றாக வாடி, காகிதம்போலக் காய்ந்தன. புதிதாக ஓர் இலை வந்தது. அதன் நுனியில் நூல் இருந்தது, பேணி இல்லை. ஐயா பக்கத்துக் காணிக்காரரை வேலியடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியளோ? மச்சத்தை விட்டிட்டுது." அந்த வெள்ளிக்கிழமை பஞ்சு தேவைப்படவில்லை. எங்கள் வளவு முழுச் சைவமாயிற்று. ஐயா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. காலையில் கிணற்றடியில் குந்தியிருந்து, பேணி இல்லாத அந்த நூலின் நுனியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புரட்டாதி நடுவில் இலைகளின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. நெருப்புப் பட்டதுபோல நுனியிலிருந்து கறுப்பு உள்ளே இறங்கியது. ஐயா இன்னும் கொஞ்சம் எருப் போட்டார். கறுப்பு இன்னும் வேகமாக இறங்கியது. கிணற்றுத் தண்ணீரை இரண்டு வேளையும் ஊற்றினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் பானையின் அடியில் சுண்ணாம்புபோல வெள்ளை படியும். அது செடிக்கு ஆகுமோ ஆகாதோ என்று ஒருவரும் நினைக்கவில்லை. பத்து இலையில் மூன்றுதான் மிச்சம்.

ஒருநாள் மத்தியானம் ஐயா வயலில் இருந்தார். அம்மா அடுப்படியில் நெல் புழுக்கிக்கொண்டிருந்தார். சின்னம்மா என்னைக் கூப்பிட்டு, வளையிலிருந்த கடிதக் கம்பியைக் காட்டினார்.

"மேல கிடக்கிற கடுதாசியை எடு. உனக்கு இப்ப எழுத்துக் கூட்டத் தெரியுமெல்லே?"

தெரியுமாவாவது! நான் வகுப்பில் இரண்டாம் பிள்ளை.

"அவர் ரெண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்," என்றார் சின்னம்மா. "அத்தான் வாசிச்சது ஒரு பக்கத்துக்குத்தான் காணும்."

அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஐயா வாசித்த ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். தாள் எவ்வளவு, சொல் எவ்வளவு என்று கதவுக்குப் பின்னால் நின்றே அளந்து வைத்திருக்கிறார். நான் கதிரையில் ஏறி, ஐயாவைப்போலச் செருமிவிட்டு, இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

"எரு ஒரு துளியும் போட வேண்டாம். அது வெறும் மணலில் பிறந்த சாதி. எருப் போட்டால் வேர் வெந்து செத்துப்போகும். தும்பும் ஆற்று மணலும் கரித்துண்டும் போதும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது. மழைத் தண்ணீர் நல்லது."

"சின்னம்மா, எரு வேண்டாமாம்!" என்று கத்தினேன். பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தவன்போல இருந்தது எனக்கு. கதிரையிலிருந்து குதிக்கப் போனேன்.

"இரு. அதுக்குப் பிறகு?"

அதற்குப் பிறகு செடியைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தாலும் வாசித்தேன்.

"இவவை அனுப்பி வைக்கும்படி இரண்டு முறை எழுதினேன். தாங்கள் பதில் ஒன்றும் எழுதவில்லை. இப்போது எனக்குச் சின்னக் குவாட்டர்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. முன்னால் ஒரு ஓடை. இவவுக்கு வர விருப்பம் இல்லையாக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் தை மாதத்துக்குப் பிறகு இதைப்பற்றி எழுதித் தங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்."

'குவாட்டர்ஸ்' என்ற சொல்லை ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். சின்னம்மா மெச்சுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை எழுத்துக் கூட்டாமலே வாசித்தேன். சின்னம்மா கடிதத்தை வாங்கி, மடித்து, கம்பியில் இருந்த ஓட்டையிலேயே திரும்பக் குத்தினார். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் செடிக்காக அள்ளி வைத்திருந்த வாளித் தண்ணீரை வாழைக்கு ஊற்றினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஐயாவுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். என் கெட்டித்தனத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"ஐயா, நீங்கள் எரு வேண்டாமெண்டதை வாசிக்க மறந்திட்டியள். நான் கண்டுபிடிச்சிட்டன்!"

ஐயாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா என்னைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். சின்னம்மா அகப்பையோடு வந்து ஐயாவின் சோற்றுக் கோப்பையில் வழக்கம்போலக் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினார். அவருடைய குரல் உயரவில்லை.

"மழை வந்த உடன சட்டியை மாத்துவம் அத்தான். அதில எழுதியிருக்கிற மாதிரியே. ஒரு வரியும் விடாமல்."

ஐயா, "ஓம்," என்றார். அதற்கு மேல் அவரால் சாப்பிட முடியவில்லை. தன் எரு தோற்றதில் அவருக்கு அவ்வளவு கவலை என்று நான் நினைத்தேன்.

மழை அப்படி இலேசில் வரவில்லை. குளம் வற்றி நடுவில் சேறாகக் கிடந்தது. சின்னம்மா தினமும் அங்கே போய், அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளிய வைத்து, சீலைத் துண்டால் வடித்துச் சட்டிக்கு ஊற்றினார். மூன்று இலை இரண்டாயிற்று. மேகம் மூடுகிறதா என்று ஒருநாளில் எத்தனை முறை வானத்தைப் பார்த்தோமோ! வயலுக்காக ஊரே வானத்தைப் பார்த்தது; நாங்கள் ஒரு சட்டிக்காகப் பார்த்தோம்.

ஐப்பசி முதற் கிழமையில் ஒரு விடியற்காலை மழை இறங்கியது. கிடாரம், அண்டா, குடம், மாட்டுத் தொட்டி, வீட்டில் வாய் இருந்த எல்லாவற்றையும் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் வைத்தோம். சின்னம்மாவின் மூக்குப்பேணியையும் நான் வைத்தேன். முதல் மழை கூரையின் தூசியைக் கழுவட்டும் என்று விட்டு, இரண்டாம் நாள் தண்ணீரைப் பிடித்தோம். ஐயா அதற்கு முந்திய கிழமையே ஆற்று மணலைக் கொண்டுவந்து கழுவிக் காய வைத்திருந்தார். தேங்காய் மட்டையை அவரே அடித்துத் தும்பாக்கியிருந்தார். அடுப்புக் கரியைச் சுண்டங்காய் அளவுக்கு உடைத்து வைத்திருந்தார்.

செடியைச் சட்டியிலிருந்து இழுக்க ஐயா விடவில்லை. சட்டியோடு கிடாரத்து மழைத்தண்ணீரில் இறக்கி ஊறவிட்டார். பிறகு கத்தியின் பின்பக்கத்தால் சட்டியைத் தட்டித் தட்டி, முட்டைக்கோதை உடைப்பதுபோல உடைத்தார். ஓடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வண்டல் தண்ணீரில் புகையாகக் கரைந்தது. கடைசியில் வேர்கள் தெரிந்தன.

அவை வேர்களா! கன்றுக்குட்டியின் வால் மயிரைத் தண்ணீரில் விரித்ததுபோல, அவ்வளவு மெலிது, அவ்வளவு கறுப்பு. பாதி வெந்து அழுகியிருந்தது. மிச்சத்துக்குள் ஆட்டெருக் குளிகைகள் சிக்கியிருந்தன. ஐயாவின் விரல்களை நீங்கள் கண்டதில்லை. மண்வெட்டி பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல்கள். அடுப்பில் விழுந்த தணலைக் கையாலேயே எடுத்துப் போடுவார். அந்த விரல்களால் அவர் ஒவ்வொரு குளிகையாக, வேருக்கு நோகாமல், தண்ணீருக்குள்ளேயே வைத்து எடுத்தார். ஒரு குளிகை வராவிட்டால் இழுக்கமாட்டார். ஊறட்டும் என்று காத்திருப்பார். நானும் ஒன்றை எடுக்கக் கேட்டேன். பேசாதே என்று கண்ணால் காட்டினார். கூரையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்து சின்னம்மா செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குனிந்தபடியே ஐயா மெதுவாகச் சொன்னார்: "பாஷை தெரியாத ஊர், பிள்ளை. காடும் மழையும். அங்க உனக்கு ஒண்டெண்டால் நான் ஆருக்கு மறுமொழி சொல்லுறது? சாகேக்க கொம்மா உன்ர கையை என்ர கையிலதான் வைச்சவ. உன்ர நல்லதுக்குத்தான்..."

"எனக்குத் தெரியும் அத்தான்," என்றார் சின்னம்மா. தண்டை விடாமலே சொன்னார்: "எருவும் நல்லதுக்குத்தானே போட்டனீங்கள்."

ஐயா கடைசிக் குளிகையையும் எடுத்து வெளியே எறிந்தார். அழுகின வேரை அம்மாவின் கத்தரிக்கோலால் வெட்டினார். புதுச் சட்டியின் அடியில் கரி, அதன் மேல் தும்பும் மணலும். செடியை நடுவில் தூக்கிப் பிடிக்க, சின்னம்மா சுற்றிவரத் தும்பை இட்டு நிரப்பினார். அமுக்கவில்லை, குழந்தைக்குத் தலையணை வைக்கிறதுபோல் வைத்தார். பிறகு நான் மூக்குப்பேணியில் பிடித்த மழைத்தண்ணீரை, அதன் மூக்கால், நூல்போல ஊற்றினார். ஈரச் சாக்கால் பந்தல்போல் ஒரு மறைப்புப் போட்டோம்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சாகவும் இல்லை. கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு நடுவில் ஒரு குருத்து வந்தது. இலை விரிந்தது. நூல் நீண்டது. நூலின் நுனியில் ஒரு நெல்மணி அளவு வீக்கம்! அது பயறு, கடலை, பாக்கு என்று வளர்ந்தது. வளைந்தது, நிமிர்ந்தது. மூடி ஒட்டியபடியே இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றேன். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் ஒரு காலை, ஐயா, அம்மா, சின்னம்மா, நான் நாலு பேரும் கிணற்றடியில் நிற்க, மூடியின் ஓரத்தில் ஒரு மயிரிழை வெளிச்சம் விழுந்தது. மத்தியானம் பார்த்தபோது என் நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. பின்னேரம் முழுதாகத் திறந்துவிட்டது. உள்ளே தண்ணீர். மழை ஒரு துளியும் விழாத, யாரும் ஊற்றாத தண்ணீர். சித்தப்பா சொன்னது உண்மைதான். அந்தத் தண்ணீரில் என் கண்ணும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. இத்தனை வயதாகியும் அதைவிடப் பெரிய அற்புதம் ஒன்றை நான் கண்டேன் என்று சொல்லமாட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஐயா பஞ்சு எடுக்கப் போகவில்லை. கடிதத் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்து, "வா பிள்ளை, மாப்பிள்ளைக்கு என்ன எழுத வேணுமெண்டு சொல்லு," என்றார். முதல் முறையாகச் சின்னம்மா கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

தை மாதம் சித்தப்பா வந்தார். பத்தாம் நாள் இரண்டு பேராகத் திரும்பிப் போனார்கள். மாங்குளம் ஸ்டேசன் வரைக்கும் ஐயாவும் நானும் போனோம். செடியையும் கொண்டுபோகும்படி ஐயா சட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சின்னம்மா வாங்கவில்லை.

"அங்க வேலி முழுக்க இதுதானாம் அத்தான். இது உங்களோட நிக்கட்டும்."

பிறகு நாலு வருடம் அது எங்கள் கிணற்றடியில் நின்றது. ஐயா தன் சீவியத்தில் எருப் போடாமல் வளர்த்த பயிர் அது ஒன்றுதான். மாரியில் மழைத் தண்ணீரைப் பானைகளில் பிடித்து வாயைக் கட்டி வைத்து, கோடை முழுதும் அளந்து ஊற்றினார். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விடுவார்.

அவர்கள் போன மறுமாதமே, மாசியில், சித்தப்பாவின் கடிதம் வந்தது. பின்னேரம் விளக்கு வைத்த பிறகு ஐயா வழக்கம்போலக் கதிரையில் இருந்தார். உறையைப் பிரித்தார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"இனி நீயே வாசி. என்ர கண் மங்கிப்போச்சு. ஒரு வரியும் விடாமல் வாசி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் கடிதங்களையும் நான்தான் வாசித்தேன். எட்டு வயதில் வீட்டின் கடிதங்களெல்லாம் என் கையில் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஐயாவுக்குக் கண் போய்விட்டதே என்று கொஞ்சம் இரக்கமும்பட்டேன். கடிதம் முடிந்ததும் ஐயா அலுமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுப்பார். அதன் எறும்பு எழுத்துகளை, கண்ணாடி இல்லாமல், விளக்குக்குக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டு, நாளைக்கு என்ன திதி என்று அம்மாவுக்கு வாசித்துச் சொல்வார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.